தாலினுக்குக் கப்பலில்: ஹெல்சிங்கியிலிருந்தா, ஸ்டாக்ஹோமிலிருந்தா, எந்தக் கப்பலில்?

எஸ்டோனியாவின் தலைநகர் தாலின், பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில் இருக்கிறது. வடகரையில், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி, ஹெல்சிங்கி. இந்த இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே டாலிங்க், வைக்கிங் லைன், எக்கெரோ லைன் என்று மூன்று நிறுவனங்கள் ஆண்டு முழுவதும் கப்பல் விடுகின்றன. மேற்கே ஸ்டாக்ஹோமிலிருந்து டாலிங்கின் இரவுக் கப்பலும் தாலினுக்கு வருகிறது.

முன்பதிவுத் தளத்தைத் திறப்பவர்கள் பெரும்பாலும் இரண்டைத்தான் பார்க்கிறார்கள்: டிக்கெட் விலை, பயண நேரம். டாலிங்க் இரண்டு மணி நேரம், எக்கெரோ இரண்டேகால், வைக்கிங் இரண்டரை. அரை மணி நேர வித்தியாசம் உண்மையில் ஒன்றுமே இல்லை. கப்பல் எத்தனை மணிக்குக் கிளம்பி, எத்தனை மணிக்குத் திரும்புகிறது, கரையில் உங்களுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்பதில்தான் மூன்றும் வெகுவாக வேறுபடுகின்றன. ஆகவே விலையைக் கடைசியில் பாருங்கள்; கால அட்டவணையை முதலில் பாருங்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்புவதென்றால்

டாலிங்கின் மெகாஸ்டார், மைஸ்டார் இரண்டும் நாள் முழுவதும் எதிரெதிர்த் திசையில் மாறி மாறி ஓடுகின்றன. வழக்கமான அட்டவணையில் ஹெல்சிங்கியிலிருந்து காலை 7.30, 10.30, பிறகு மும்மூன்று மணி நேர இடைவெளி. தாலினிலிருந்தும் ஏறத்தாழ அதே ஒழுங்கு. காலை 7.30 கப்பலில் ஏறினால் 9.30க்குத் தாலின். இரவு 7.30க்குத் திரும்புங்கள். துறைமுகத்துக்கு வந்து காத்திருக்கும் நேரத்தைக் கழித்தாலும் நகரத்தில் ஒன்பது மணி நேரம் கைக்கு வரும். ஒரு பகலில் தாலினைப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

எக்கெரோ லைனின் பின்லாண்டியா வழக்கமாகக் காலை 9 மணிவாக்கில் கிளம்பி 11.15 அளவில் சேரும், மாலை 6.30 அளவில் திரும்பும். ஆறு மணி நேரம் கையில் இருக்கும். பழைய நகரத்தை நிதானமாகச் சுற்றி, உட்கார்ந்து சாப்பிட அது போதும். அதற்கு அப்பால் காட்ரியோர்க் பூங்காவையோ கடல் விமானத் துறைமுக அருங்காட்சியகத்தையோ சேர்த்தால் இரண்டில் ஒன்று அரைகுறையாகும். இந்தத் தடத்தில் எக்கெரோ பல நாட்களில் மலிவாக இருக்கும். விலைக்கும் நேரத்துக்கும் நடுவே நிற்பவர்களுக்கு இது சரி.

வைக்கிங் லைனின் எக்ஸ்பிஆர்எஸ் கப்பல் இரவில் தாலினில் தங்கும் கப்பல். காலை 8 மணிவாக்கில் தாலினில் கிளம்பி 10.30க்கு ஹெல்சிங்கி சேர்ந்து, அங்கிருந்து முற்பகல் 11.30 அளவில்தான் மீண்டும் புறப்படும். ஹெல்சிங்கியில் தங்கியிருப்பவர் இதில் போனால் தாலினில் கால் வைக்கும்போது மதியம் 2 மணி. அதே கப்பலில் மாலையில் திரும்ப வேண்டுமென்றால் ஊரைப் பார்க்க மூன்று மணி நேரம்கூடக் கிடைக்காத நாட்கள் உண்டு. பகல் பயணத்துக்கு இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள். தாலினில் தங்கிக்கொண்டு ஹெல்சிங்கியை ஒரு பகல் பார்க்க நினைப்பவர்களுக்கு வைக்கிங் கப்பல்தான் மிகப் பொருத்தம். காலையில் போய், ஹெல்சிங்கியின் மையத்திலேயே இறங்கி, இரவுக் கப்பலில் திரும்பிவிடலாம். தாலினில் விடுதி வாடகை பெரும்பாலும் ஹெல்சிங்கியைவிடக் குறைவு என்பதால் இப்படித் திட்டமிடுவது செலவையும் குறைக்கும்.

மேலே சொன்ன நேரங்கள் பருவத்துக்கும் கிழமைக்கும் ஏற்ப நகரும். கப்பல் பராமரிப்புக்குப் போகும் வாரங்களில் அட்டவணையே மாறிவிடும். பதிவு செய்யும் நாளில், உங்கள் தேதிக்கான இரு திசை நேரத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது

ஹெல்சிங்கியில் டாலிங்கும் எக்கெரோவும் மேற்குத் துறைமுகத்தின் இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்புகின்றன. பெயர்ப் பலகைகளில் லான்சிடெர்மினாலி என்று இருக்கும். 7, 9 எண் டிராம்கள் அங்கே போகும். ரயில் நிலையத்திலிருந்து டிராமில் கால் மணி நேரம், சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம். வைக்கிங் கப்பல் கிளம்பும் கதயனொக்கா முனையம் நகரின் சந்தைச் சதுக்கத்திலிருந்து நடந்து போகும் தூரம். வழியில் உஸ்பென்ஸ்கி தேவாலயத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வித்தியாசம் திரும்பி வரும்போதுதான் உறைக்கும். மெகாஸ்டார், மைஸ்டார் ஒவ்வொன்றும் 2,800 பேர் வரை ஏற்றக்கூடியவை. இரவு 9.30க்கு அத்தனை பேரும் ஒரே கதவு வழியாக இறங்கி ஒரே டிராம் நிறுத்தத்துக்கு வருவார்கள். முதல் டிராமில் இடம் கிடைக்காது, இரண்டாவதிலும் சந்தேகம்தான். கப்பல் கரையை அணைவதற்குப் பத்து நிமிடம் முன்பே இறங்கும் தளத்தின் கதவருகே நின்றுகொள்ளுங்கள். அது முடியாவிட்டால் எல்லாரும் போன பிறகு நிதானமாக இறங்குங்கள். நடுவில் மாட்டிக்கொள்வதுதான் சிரமம். கைக்குழந்தையோ வயதானவர்களோ உடன் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே வைக்கிங் கப்பலை யோசிக்கலாம்.

தாலினில் டாலிங்குக்கு டி முனையம், வைக்கிங்குக்கும் எக்கெரோவுக்கும் ஏ முனையம். இரண்டும் பழைய துறைமுகத்தில், எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றன. ஏ முனையத்திலிருந்து பழைய நகரத்தின் ஓரத்தில் நிற்கும் பருத்த மார்கரெட் கோபுரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. அதை ஒட்டியுள்ள பெரிய கடற்கரை வாயில் வழியாக நுழைந்தால் நேரே பிக் தெரு. டி முனையத்திலிருந்து பழைய நகரத்தின் விரு வாயிலுக்குச் சுமார் இருபது நிமிடம். டாக்சி தேவையே இல்லை. மழையோ பனியோ என்றால் துறைமுகம் வழியாக ஓடும் டிராம் இருக்கிறது; வங்கி அட்டையை உள்ளே இருக்கும் கருவியில் தொட்டாலே பயணச்சீட்டு.

திரும்பும்போது தவறான முனையத்துக்குப் போய் நிற்பது இங்கே அடிக்கடி நடக்கும். இரண்டுக்கும் நடுவே நீர்த்துறை இருப்பதால் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். போகும்போது ஒரு நிறுவனம், வரும்போது இன்னொரு நிறுவனம் என்று வாங்கியவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்வது அவசியம்.

முனைய வாயில், கப்பல் புறப்படுவதற்கு 20 முதல் 30 நிமிடம் முன்பே மூடிவிடும். சரியான நேரம் உங்கள் டிக்கெட்டில் இருக்கும். மூடிய பிறகு கப்பல் கண்ணெதிரே நின்றாலும் ஏற்ற மாட்டார்கள். ஒரு மணி நேரம் முன்பாகப் போய்ச் சேருங்கள்.

இலையுதிர் காலமும் குளிர்காலமும்

ஜூன் மாதத்தில் தாலினில் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம் இருக்கும். அப்போது எந்தக் கப்பலில் வந்தாலும் நகரம் ஏமாற்றாது. டிசம்பர் கடைசியிலோ காலை 9 மணிக்கு மேல்தான் சூரியன் எழும், பிற்பகல் 3.30க்குள் மறைந்துவிடும். 10.30 கப்பலில் வருபவர் 12.30க்கு இறங்கினால் பகல் வெளிச்சத்தில் மூன்று மணி நேரம்தான். ஆகவே குளிர்காலத்தில் 7.30 கப்பலைத் தவிர வேறெதையும் பகல் பயணத்துக்குச் சொல்ல மனம் வரவில்லை. கிறிஸ்துமஸ் சந்தைக்காக மட்டும் வருபவர்களுக்கு இது பொருந்தாது. நகராட்சிச் சதுக்கத்து விளக்குகளுக்கு இருட்டுதான் அழகு.

கடல் உறைந்தால் கப்பல் நிற்குமோ என்ற அச்சம் வேண்டாம். இவை பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகும்படி வலுவாகக் கட்டப்பட்டவை. தொல்லை தருவது காற்று. நவம்பர், டிசம்பர் புயல்களில் வளைகுடாவின் அலைகள் உயரம் குறைவாக இருந்தாலும் நெருக்கமாக, செங்குத்தாக வரும். 212 மீட்டர் நீளமுள்ள மெகாஸ்டாரும் மைஸ்டாரும் அதை ஓரளவு தாங்கிப் போகும். எக்ஸ்பிஆர்எஸ் 185 மீட்டர், பின்லாண்டியா 175 மீட்டர்; ஆட்டம் சற்றுக் கூடுதலாகத் தெரியும். வாந்தி வரும் உடல்வாகு என்றால் மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு. முன்பக்கத்து அகன்ற கண்ணாடி இருக்கைகள் ஆசை காட்டும், ஆனால் அங்கேதான் ஆட்டம் அதிகம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், தொடுவானம் தெரியும் சன்னலோரம் உட்காருங்கள்.

விலை எப்போது ஏறும்

விமான டிக்கெட்டைப் போலவே விலை நாளுக்கு நாள் மாறும். வெள்ளி மாலை ஹெல்சிங்கியிலிருந்து தாலின் செல்லும் கப்பல்கள் இருமடங்கு நெரிசலாகும். வார இறுதியைக் கழிக்கக் கிளம்பும் பின்லாந்துக்காரர்களும், பின்லாந்தில் வேலை பார்த்து வீடு திரும்பும் எஸ்டோனியர்களும் ஒரே நேரத்தில் ஏறுகிறார்கள். ஞாயிறு மாலை எதிர்த்திசையில் அதே கூட்டம். ஜூன் பிற்பாதியில் வரும் நடுக்கோடை விடுமுறையும் அப்படித்தான். செவ்வாய், புதன் போல வார நடு நாட்களில் விலையும் கூட்டமும் ஒருசேரக் குறையும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஒரே நாளில் போய்வரும் டிக்கெட் சில தேதிகளில் ஒருவழி டிக்கெட்டைவிட மலிவாக வரும். இரண்டையும் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சாதாரண டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது. காபிக் கடை, மதுக்கூடம், நடைவெளி என்று இடம் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைகளில் மாடிப்படியிலும் தரையிலும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கூட்ட நாளில் போக வேண்டியிருந்தால் கூடுதல் பணம் கட்டித் தனி ஓய்வறையில் இடம் பதிவு செய்வது வீண் செலவல்ல. குழந்தையைத் தூங்கவைக்க வேண்டும், பெரியவர்கள் படுக்க வேண்டும் என்றால் எக்ஸ்பிஆர்எஸ், பின்லாண்டியா இரண்டிலும் பகல்நேரத்துக்கே கதவடைத்த அறைகள் வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு மணி நேரக் கப்பல்களில் அறைகள் மிகக் குறைவு.

உணவு: கப்பலின் பஃபேயில் மீன் வகைகள் நிறைய. சைவர்களுக்கு உருளைக்கிழங்கு, சாலட், கறுப்பு ரை ரொட்டி, இனிப்புகள் தேறும். கொடுக்கும் பணத்துக்கு அது நியாயமாகாது. இரண்டு மணி நேரப் பயணத்தில் அதைத் தவிர்த்துவிட்டுத் தாலினில் சாப்பிடுவதே நல்லது. பழைய நகரத்துக்குள்ளேயே இந்திய உணவகங்கள் இருக்கின்றன.

ஸ்டாக்ஹோம் வழி

இதை ஹெல்சிங்கிக் கப்பல்களோடு நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது. பயணத்தின் தன்மையே வேறு. ஸ்டாக்ஹோமின் வார்த்தா துறைமுகத்தில் மாலை 5.30 அளவில் கிளம்பி, மறுநாள் காலை 11 மணிக்குச் சற்று முன்பு தாலின் சேரும். தாலின் நேரம் ஒரு மணி முந்தியிருப்பதால் பயணம் பதினாறு மணி நேரத்துக்கு மேல். விடுதிச் செலவில் ஓர் இரவு மிச்சமாகும். அறையை நால்வர் பகிர்ந்தால் தலைக்கு ஆகும் செலவு நன்றாகவே குறையும்.

இந்தத் தடத்தின் செல்வம் தொடக்கத்தில் இருக்கிறது. ஸ்டாக்ஹோமிலிருந்து திறந்த கடலுக்கு வரும் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தீவுக்கூட்டத்தின் ஊடே கப்பல் மெல்லப் போகும். பைன் மரங்கள், பாறைகள், செந்நிற மரவீடுகள், தனித்தனிப் படகுத்துறைகள் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போகும். மே முதல் ஆகஸ்ட் வரை இது முழு வெளிச்சத்தில் தெரியும். அந்த நேரத்தில் பஃபேக்குப் பதிவு செய்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பது பெரிய இழப்பு. இரண்டாம் சுற்று உணவு நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். நவம்பரிலோ கிளம்பும்போதே இருட்டிவிடும். அப்போது இந்தத் தடத்துக்கென்று தனிக் கவர்ச்சி எதுவும் மிஞ்சாது.

நள்ளிரவு தாண்டி ஓலாந்து தீவுகளின் மரியஹாமனில் கப்பல் சற்று நிற்கும். ஓலாந்து ஐரோப்பிய ஒன்றிய வரி வட்டத்துக்கு வெளியே இருப்பதால் அங்கே தொட்டுச் செல்லும் கப்பலில் வரியில்லாக் கடை நடத்த முடிகிறது. ஹெல்சிங்கி–தாலின் தடத்தில் 2004இல் எஸ்டோனியா ஒன்றியத்தில் சேர்ந்ததும் அந்தச் சலுகை முடிந்துவிட்டது. கடையை ஒட்டிய தளங்களிலும், இசைக்கூடத்தின் அருகிலும், எந்திரத்துக்கு மேலேயும் உள்ள அறைகளில் தூக்கம் கெடும். பதிவின்போது தள வரைபடத்தைப் பார்த்து, பொழுதுபோக்குத் தளங்களுக்கு இரண்டு தளமாவது தள்ளி அறை எடுங்கள். வாகனத் தளத்துக்குக் கீழே இருக்கும் அறைகள்தான் மிக மலிவு. சன்னல் கிடையாது, மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை எடுக்க வேண்டாம்.

நடுக்கடலில் கைப்பேசி தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்போடு இணைந்துகொள்ளும். அது ஐரோப்பிய ரோமிங் சலுகைக்குள் வராது. சில நிமிடத் தரவுக்கே பெருந்தொகை பில்லில் ஏறும். கரை மறைந்ததும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டுக் கப்பலின் வைஃபையை மட்டும் பயன்படுத்துங்கள்.

1994 செப்டம்பர் 28 அன்று தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் சென்ற எஸ்டோனியா என்ற கப்பல் புயலில் மூழ்கி 852 பேர் இறந்தது இதே தடத்தில்தான். அதன் முன்முகக் கதவு அலையில் பிய்த்துக்கொண்டு போனதால் வாகனத் தளத்துக்குள் கடல் புகுந்தது. அதன்பின் இத்தகைய கப்பல்களின் நிலைப்புத்தன்மைக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. பருத்த மார்கரெட் கோபுரத்தின் அருகே, உடைந்துபோன ஒரு கோடாக நிற்கும் நினைவுச்சின்னம் அவர்களுக்கானது. துறைமுகத்திலிருந்து நடந்து வருபவர்கள் ஒரு கணம் அங்கே நின்று போகலாம்.

விசாவும் பெயரும்

பின்லாந்து, சுவீடன், எஸ்டோனியா மூன்றும் ஷெங்கன் நாடுகள். நேரடிக் கப்பல் உள்நாட்டுப் பயணத்துக்குச் சமம் என்பதால் ஒரே நுழைவு விசாவில் வந்தவர்களும் தாலின் போய்த் திரும்பலாம், நுழைவு தீர்ந்துவிடாது. விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியது அதிக இரவுகள் தங்கும் நாட்டில். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். வழக்கமான எல்லைச் சோதனை இல்லாவிட்டாலும் திடீர்ச் சோதனை உண்டு. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அசலையே எடுத்துப் போக வேண்டும். சுவீடனிலும் பின்லாந்திலும் வசிப்பு அனுமதி அட்டையோடு இருப்பவர்களும் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு அட்டையை மட்டும் கொண்டுபோகக் கூடாது.

பயணிகளின் பெயர், பிறந்த தேதி, குடியுரிமை ஆகியவற்றைப் பதிவு செய்வது சட்டக் கட்டாயம். குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் முன்பதிவுப் படிவத்தில் இங்கேதான் தடுமாறுவார்கள். இரண்டு கட்டங்களிலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரை இட்டு, பதிவுக்குப் பின் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் முனையத்தில் கேள்வி வராது. தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் போடாதீர்கள்.

காரோடு போவதென்றால்

வாடகைக் காரை எஸ்டோனியாவுக்குக் கொண்டுபோக, காரை வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் எழுத்து அனுமதி தேவை. அது இல்லையென்றால் காப்பீடு செல்லாமல் போகலாம். எக்கெரோ பட்டியலில் வுவோசாரி–முகா என்று ஒரு தடம் தெரிந்தால் அது வாகனங்களுக்கானது. முகா துறைமுகம் தாலின் மையத்துக்குக் கிழக்கே தள்ளி இருக்கிறது, நடைப்பயணிகள் ஏற முடியாது. பயணத்தின்போது வாகனத் தளம் பூட்டப்படும் என்பதால் மருந்து, குளிர் உடை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் கையோடு எடுத்து மேலே போங்கள். தள எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் இரத்தத்தில் மதுவின் வரம்பு பின்லாந்தில் ஆயிரத்துக்கு 0.5, எஸ்டோனியாவில் 0.2. கப்பலில் குடித்த ஒரு பியர் இறங்கியவுடன் சட்டச் சிக்கலாகலாம். தாலினை மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்குக் கார் தேவையில்லை. பழைய நகரத்தில் அதை நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

எங்கள் தேர்வு

ஹெல்சிங்கியிலிருந்து தாலினுக்கு அரை மணி நேர விமானமும் இருக்கிறது. வான்தா விமான நிலையத்துக்கு ரயில், பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு எல்லாம் கூட்டினால் கப்பலைவிட நேரம் மிச்சமாகாது. வெளிநாட்டிலிருந்து வந்து அதே விமான நிலையத்தில் மாறுபவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருபவர்களுக்குச் சிறந்த வழி வேறொன்று. ஹெல்சிங்கியில் வந்திறங்கி, தாலினிலிருந்து ஊர் திரும்பும்படி விமான டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். கப்பல் ஒருமுறைதான், திரும்பி ஓடிவரும் பதற்றம் இல்லை. தாலினில் இரண்டு இரவாவது தங்குங்கள். கோடையில் பெரிய உல்லாசக் கப்பல்கள் காலையில் வந்து மாலையில் கிளம்பும். நண்பகலில் நகராட்சிச் சதுக்கம் குழுக்களால் நிறைந்து வழியும். 1422இலேயே ஆவணத்தில் பதிவான மருந்துக்கடை வாசலிலும், தோம்பெயா குன்றின் கோஹ்துவொட்சா காட்சி மேடையிலும் நிற்க இடம் தேட வேண்டியிருக்கும். மாலை ஆறுக்குப் பின்னும் காலை ஒன்பதுக்கு முன்னும் அந்தத் தெருக்கள் காலியாகிவிடும். பகல் பயணிகளுக்குக் கிடைக்காத நேரம் அது.

தங்க முடியாதவர்களுக்கு 7.30 டாலிங்க், திரும்புவதற்கும் அதே நிறுவனம். ஸ்டாக்ஹோம் உங்கள் திட்டத்தில் ஏற்கெனவே இருந்து, மாதமும் மே முதல் ஆகஸ்டுக்குள் இருந்தால் மட்டும் இரவுக் கப்பல். அப்போதும் ஒருவழியாகவே எடுங்கள். அதே நாள் மாலையே ஸ்டாக்ஹோம் திரும்பும் சுற்றுப்பயண டிக்கெட் எடுத்தால் காலை 11க்கு இறங்கி மாலை 6 மணிக் கப்பலைப் பிடிக்க ஐந்தே காலுக்குள் முனையத்தில் நிற்க வேண்டியிருக்கும். பெட்டியோடு வருபவர்கள் முனையத்திலேயே உள்ள பெட்டகத்தில் அதை வைத்துவிட்டு நடங்கள். பழைய நகரத்தின் உருளைக்கல் பாதையில் சக்கரப் பெட்டி ஒரு தெருவுக்கு மேல் தாங்காது. திங்கட்கிழமைகளில் கலை அருங்காட்சியகமான கூமு உட்படப் பல மூடியிருக்கும் என்பதால் கப்பல் தேதியைச் செவ்வாய்க்குத் தள்ளிப் பாருங்கள். டிக்கெட்டும் அன்றைக்குக் குறைவாகவே இருக்கும்.